கடனும் பொய்யும்: ஒரு படிவம் எங்களுக்குக் கற்பித்த பாடம்



இக்கட்டுரையைக் கணவனும் மனைவியுமாக நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதுகிறோம். படிவத்தில் கையொப்பமிட்டவர் எங்களில் ஒருவரே. ஆயினும் அதில் எழுதப்பட்ட பொய்யில் இருவருக்கும் பங்குண்டு. ஆதலால் ‘நாங்கள்’ என்றே சொல்லிச் செல்கிறோம். அல்லாஹ் மறைத்த குற்றத்தை அடியான் பறைசாற்றலாகாது என்பதை அறிவோம். எனினும் அமெரிக்காவில் வாழும் நம் பிள்ளைகள் பலர் இதே படிவத்தின் முன் அமரவிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரேனும் நாங்கள் இடறிய இடத்தில் இடறாதிருக்கட்டும் என்ற எண்ணத்தில், மார்க்க அறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொண்ட பின்னர், பெயர் கூறாது எழுதுகிறோம்.

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வர்ஜீனியா மாநிலத்துக்கு நாங்கள் வந்து 18 ஆண்டுகள் ஆகின்றன. இங்கேயே குடியுரிமை பெற்றோம். கணினி வலையமைப்பைப் பராமரிப்பது எங்கள் தொழில். கொரோனா பரவிய 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் வேலை போயிற்று. ஒன்பது மாதங்கள் வருமானமில்லை. வீட்டு வாடகை, பிள்ளைகளின் செலவு, மருத்துவக் கட்டணம் யாவும் கடன் அட்டைகளின் மீது ஏறின. வட்டி ஹராம் என்று மேடைகளில் கேட்டுத் தலையசைத்த நாங்கள்தாம் வட்டிக் கடனுக்குள் ஒவ்வோர் அடியாக இறங்கினோம்.

இதுவரை சொன்னதைக் கேட்போர் எங்கள் மீது இரக்கம் கொள்ளலாம். சொல்லக் கூசுவது இதற்கடுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஊரில் தங்கையின் நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டார் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் ஊர் வழக்கம் இன்னதென்று எல்லோருக்கும் தெரியும். கைக்கூலியாகவும் சீராகவும் 8 லட்சம் ரூபாய் அனுப்பினோம். அன்றைய மதிப்பில் 11,000 டாலருக்குச் சற்றே குறைவு. வேலையில்லை என்பதை உம்மாவிடம் சொல்லவில்லை. “அமெரிக்காவில் இருக்கும் மகன் தங்கைக்கு என்ன செய்தான்” என்று ஊரார் கேட்டுவிடக் கூடாதென்ற அச்சம், மார்க்கம் தடுத்த ஒன்றைக் கடன் வாங்கிச் செய்ய எங்களைத் தூண்டிற்று.

2021இல் வேறு வேலை கிடைத்தது, சம்பளம் குறைவு. அதற்குள் இரண்டு கடன் அட்டைக் கணக்குகளை வங்கிகள் வாராக் கடனாக எழுதிவிட்டிருந்தன. தனிநபர் கடன் ஒன்று வசூல் நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. மொத்தம் ஏறத்தாழ 27,000 டாலர். அறியாத எண்களிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளை எடுக்காதிருக்கப் பழகினோம். கடன் மட்டும் அழைக்காமலேயே வளர்ந்தது.

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நல்ல வேலை ஒன்று வந்தது. அரசுத் துறை ஒன்றுக்காக ஒப்பந்த அடிப்படையில் பணிபுரியும் நிறுவனம். அதற்குச் ‘செக்யூரிட்டி கிளியரன்ஸ்’ எனப்படும் பாதுகாப்பு அனுமதி தேவை. அரசின் இரகசியங்களைக் கையாள ஒருவர் நம்பத் தகுந்தவரா என்று ஆராய்ந்து வழங்கப்படும் அனுமதி அது. அதற்கான எஸ்.எஃப்.86 என்னும் படிவம் நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்டது. வாழ்ந்த வீடுகள், செய்த வேலைகள், வெளிநாட்டில் உள்ள உறவினர், ஊரில் உள்ள சொத்து என எல்லாவற்றையும் கேட்கிறது. அதன் 26ஆம் பிரிவு பொருளாதார நிலை பற்றியது. கடந்த ஏழு ஆண்டுகளில் திவால் மனு கொடுத்ததுண்டா, வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யாமல் விட்டதுண்டா, ஏதேனும் கடன் 120 நாட்களுக்கு மேல் நிலுவையில் இருந்ததுண்டா, ஏதேனும் கணக்கு வசூல் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டதுண்டா என்று வரிசையாகக் கேட்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் ‘ஆம்’, ‘இல்லை’ என இரண்டே கட்டங்கள்.

இஷா தொழுதுவிட்டு அமர்ந்தோம். ஒருவர் படித்தோம், மற்றவர் பதிலைத் தட்டினோம். 26ஆம் பிரிவு வந்ததும் இருவரும் சற்று நேரம் பேசவில்லை. அன்று மாலை, எங்களுக்கு முன்னரே இத்துறைக்கு வந்த நண்பர் ஒருவரைக் கேட்டிருந்தோம். “பழைய கடன்தானே காக்கா, ‘இல்லை’ என்று போட்டுவிடுங்கள். எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள்” என்று அவர் சொல்லியிருந்தார். எங்களுக்கு வேண்டியிருந்த பதிலும் அதுவே. ‘இல்லை’ என்ற கட்டத்தைத் தேர்ந்தோம். படிவத்தின் இறுதியில், அறிந்தே பொய் கூறினால் கூட்டாட்சிச் சட்டப்படி தண்டம் அல்லது சிறை என்ற எச்சரிக்கை இருந்தது. ஐந்தாண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம் அது. படித்துவிட்டே கையொப்பமிட்டு அனுப்பினோம். அவ்விரவு நாங்கள் அனுப்பியது ஒரு சாட்சியம் என்பதை உணரவில்லை; வேலைக்கான சடங்கு என்றே எண்ணினோம்.

ஆறாம் நாள் ஜும்ஆ. பள்ளிவாசலில் கதீப் அவர்கள் கடன் பற்றிப் பேசினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்து, புகாரியில் பதிவான செய்தியை நினைவூட்டினார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் பாவத்திலிருந்தும் கடனிலிருந்தும் பாதுகாப்புத் தேடுவார்கள். கடனிலிருந்து இத்தனை முறை பாதுகாப்புத் தேடுவது ஏன் என்று ஒருவர் வினவியபோது, கடன்பட்டவன் பேசினால் பொய்யுரைக்கிறான், வாக்களித்தால் மாறுசெய்கிறான் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். பலமுறை கேட்ட ஹதீஸ்தான். அன்று அது எங்கள் வீட்டைப் பற்றியே சொல்லப்பட்டதாக எங்களுக்குக் கேட்டது. பெண்கள் பகுதியில் ஒருவரும் ஆண்கள் பகுதியில் ஒருவருமாக அமர்ந்திருந்தோம். வெளியே வந்து வண்டியில் ஏறியபோது ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கவில்லை. வீட்டை அடையுமுன் முடிவு செய்துவிட்டோம்.

அன்றே நிறுவனத்தின் பாதுகாப்பு அலுவலரைத் தொடர்பு கொண்டு, 26ஆம் பிரிவில் தந்த பதில்கள் தவறு, திருத்த விரும்புகிறோம் என்று எழுத்து மூலம் தெரிவித்தோம். மூன்று கணக்குகளையும் தொகையோடு குறித்து அனுப்பினோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. “யாரும் கேட்கும் முன்னரே சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு மதிப்புண்டு. ஆனால் என்ன முடிவு வருமென்று நான் சொல்ல இயலாது” என்றார். இடைக்கால அனுமதி மறுக்கப்பட்டது. நல்லவேளையாக நிறுவனம் எங்களை வெளியேற்றவில்லை. அனுமதி தேவைப்படாத வேறொரு பணியில், குறைந்த சம்பளத்தில், வைத்துக்கொண்டது.

அதன் பின்னரே இந்த விதிகளைப் படித்தோம். முன்னரே படித்திருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டு ஜூன் 8 முதல் நடைமுறையில் உள்ள நெறிமுறைகளில் 13 தலைப்புகள் உள்ளன. ‘எஃப்’ என்ற தலைப்பு பொருளாதாரம் பற்றியது. ‘இ’ என்பது தனிநபர் நடத்தை, அதாவது நேர்மை பற்றியது. இத்தனை டாலர் கடனிருந்தால் அனுமதியில்லை என்று எந்த வரம்பும் விதிக்கப்படவில்லை. கடன் ஏன் வந்தது, வந்த பின் என்ன செய்தீர்கள் என்பதையே பார்க்கிறார்கள். வேலையிழப்பு, நோய், மணமுறிவு, தொழில் நட்டம் போன்ற தம் கைம்மீறிய காரணத்தால் கடன் வந்து, அச்சூழலில் பொறுப்போடு நடந்திருந்தால் அது சாதகம். கடன் ஆலோசகரை நாடியிருந்தாலும், நல்லெண்ணத்தோடு திருப்பிச் செலுத்தத் தொடங்கியிருந்தாலும் சாதகம். சட்டப்படி வழக்குத் தொடரும் காலம் முடிந்துவிட்டது, ஏழு ஆண்டுகளில் கடன் அறிக்கையிலிருந்து நீங்கிவிடும் என்று காத்திருப்பதை நல்லெண்ண முயற்சியாக அவர்கள் ஏற்பதில்லை. மார்க்கமும் இதையே சொல்கிறது. கொடுத்தவர் மன்னித்தாலன்றி, அல்லது நாம் அடைத்தாலன்றி, கடன் காலத்தால் கரைவதில்லை. ஷஹீதின் பாவங்கள் மன்னிக்கப்படும்போதும் கடன் மட்டும் நிற்கும் என்று முஸ்லிம் நூலில் வரும் நபிமொழியை நாம் அறிவோம்.

கடன்பட்டவரைக் கண்டு ஓர் அரசு ஏன் அஞ்ச வேண்டும் என்று எங்கள் மகன் கேட்டான். அவனுக்கு ஆல்ட்ரிச் ஏம்ஸின் வரலாற்றைச் சொன்னோம். அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வில் பணியாற்றியவர் அவர். மணமுறிவாலும் செலவாலும் கடனில் சிக்கி, 1985 ஏப்ரலில் வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதரகத்துக்குத் தாமாகவே சென்று 50,000 டாலருக்குப் பெயர்களை விற்றார். அதனால் பலர் உயிரிழந்தனர். 1994 பிப்ரவரியில்தான் பிடிபட்டார். அடுத்த ஆண்டே, இரகசியங்களைக் கையாளும் தகுதி பற்றிய ஆணையை அதிபர் கிளிண்டன் பிறப்பித்தார். கடன்பட்டவர் எல்லோரும் ஏம்ஸ் ஆகிவிடுவதில்லை. ஆனால் நெருக்கடியில் இருக்கும் மனிதனின் மனம் எதற்கு இணங்கும் என்பதை நாங்கள் எங்களிடமே பார்த்துவிட்டோம். தூதரகத்துக்கு அல்ல, ஒரு கட்டத்துக்கு இணங்கினோம், அவ்வளவே வேறுபாடு.

கோடையில் புலனாய்வாளர் ஒருவர் எங்களைச் சந்தித்தார். அவரிடம் எங்கள் கடன் அறிக்கை முழுவதும் இருந்தது. நாங்கள் மறைத்த மூன்று கணக்குகளும் அதில் முன்பே இருந்தன. அதாவது, அந்தப் பொய் யாரையும் ஏமாற்றியிராது. எங்களை மட்டுமே பொய்யராக்கியிருக்கும். அனுமதி பெற்ற பின்னரும் கடன் அறிக்கைகளைத் தொடர்ந்து கண்காணிக்கும் முறை இன்று நடைமுறையில் இருக்கிறது என்பதையும் இளைஞர்கள் அறிய வேண்டும்.

2024 பிப்ரவரியில் ‘காரணங்களின் அறிக்கை’ எனப்படும் கடிதம் வந்தது. எஃப், இ என்ற இரு தலைப்புகளிலும் குற்றச்சாட்டுகள் எண்ணிட்டு எழுதப்பட்டிருந்தன. 20 நாட்களுக்குள் ஒவ்வொன்றையும் ஒப்புக்கொள்கிறோமா, மறுக்கிறோமா என்று பதிலளிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டோம். எங்கள் விருப்பப்படி விசாரணை நீதிபதி ஒருவரின் முன் காணொளி வழியே விசாரணை நடந்தது. இவ்விசாரணைகளை நடத்தும் அலுவலகத்தின் சுருக்கப் பெயர் ‘டோஹா’. கத்தாரில் ஆண்டுக்கணக்கில் உழைத்த எங்கள் மாமாவுக்கு அது விளங்கவே நெடுநேரம் ஆயிற்று.

அதற்குள் ஓர் அட்டைக் கணக்கைத் தீர்த்திருந்தோம். அதை 2022இலேயே பேசி முடித்திருந்தோம். இரண்டாவதற்குப் படிவத்தைத் திருத்திய அடுத்த வாரத்திலிருந்து மாதத் தவணை கட்டிவந்தோம். மூன்றாவதை, ஒரு வண்டியை விற்று அடைத்தோம். ரசீதுகள் அனைத்தையும் கொடுத்தோம். வேலையிழந்த கதையையும் சொன்னோம். நீதிபதி பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு வங்கிப் பதிவைக் காட்டினார். “இந்த அட்டைக்குத் தவணை கட்டத் தவறிய அதே மாதத்தில் ஏறத்தாழ 11,000 டாலரை வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அது எதற்காக?”

சாட்சியாக மனைவியும் இருந்தபடியால் எங்கள் இருவரிடமும் அக்கேள்வி தனித்தனியே வந்தது. “தங்கையின் திருமணச் செலவு” என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம், அது பொய்யுமன்று. ஆனால் பாதி உண்மையால் பட்ட பாடு போதுமென்றிருந்தது. மணமகன் வீட்டாருக்குப் பணம் கொடுக்கும் வழக்கம் எங்கள் ஊரில் இருப்பதையும், எங்கள் மார்க்கம் அதற்கு மாறாக மணமகனே மஹர் கொடுக்கக் கட்டளையிடுவதையும், அறிந்தே மீறியதையும், வேலையில்லை என்பதைத் தாயாரிடம் மறைத்ததையும் சொன்னோம். அனுப்ப முடிவு செய்தது யார் என்று கேட்டார். இருவரும் என்றே இருவரும் சொன்னோம். அந்நிய நீதிபதி ஒருவரின் முன் நம் சமுதாயத்தின் இந்த நோயை வாய்விட்டு விளக்க நேர்ந்த வெட்கம் இன்றும் எங்களை விட்டு நீங்கவில்லை.

விசாரணைக்கு முந்திய வாரத்தில் ஊருக்குத் தொலைபேசியில் பேசி உம்மாவிடமும் தங்கையிடமும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தோம். எங்கோ ஒரு நீதிபதி அறியப்போவதைப் பெற்ற தாய் அறியாதிருப்பது முறையன்று என்று தோன்றிற்று. உம்மா அழுதார்கள். தங்கை ஒரு வாரம் பேசவில்லை. பிறகு அழைத்து, “என்னிடம் கேட்டிருந்தால் வேண்டாமென்றிருப்பேன், காக்கா. யாரும் என்னிடம் கேட்கவில்லையே” என்றாள். எங்களுக்கு வந்த கேள்விகளுள் விடை தெரியாமல் நின்றது இதற்குத்தான்.

டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அனுமதி வழங்கப்பட்டது. படிவத்தில் பொய் எழுதியது கடுமையானதென்றும், எவரும் சுட்டிக்காட்டும் முன் தாமாகவே விரைந்து திருத்தியது அதன் கடுமையைத் தணித்ததென்றும் எழுதியிருந்தார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பிய பணம் பொறுப்பான செயலன்று என்பதையும் குறிப்பிடத் தவறவில்லை. அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் இதைப் படிப்போர், உண்மை சொன்னால் அனுமதி உறுதி என்று எண்ணிவிட வேண்டாம். பாதுகாப்பு அனுமதி எவருக்கும் உரிமையன்று என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988இலேயே கூறியுள்ளது. ஐயமிருந்தால் அதை நாட்டின் பாதுகாப்புக்குச் சாதகமாகவே தீர்ப்பார்கள். எங்களுக்கு மறுக்கப்பட்டிருக்கவும் கூடும்.

தபூக் போருக்குச் செல்லாமல் பின்தங்கிய கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களை அம்மாதங்களில் அடிக்கடி நினைத்துக்கொண்டோம். பலர் நபியவர்களிடம் சாக்குச் சொல்லித் தப்பினார்கள். பேச்சுத் திறன் மிக்க கஅப் அவர்களோ காரணம் எதுவுமில்லை என்று உண்மையைச் சொன்னார்கள். 50 நாட்கள் ஊரார் அவர்களோடு பேசவில்லை. அதன் பின்னரே மன்னிப்பு இறங்கியது. உண்மையாளர்களோடு இருக்குமாறு ஏவும் வசனமும் (9:119) அதையொட்டியே வருகிறது. எங்கள் உண்மை அத்தகையதன்று. அவர்கள் பொய்யே சொல்லவில்லை. நாங்கள் சொல்லிவிட்டுத் திரும்பினோம். ஆயினும் உண்மைக்குப் பின் வரும் காத்திருப்பு எத்தகையது என்பதில் சிறிதளவு எங்களுக்கும் காட்டப்பட்டது.

நம் பிள்ளைகளுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில சொற்கள். இத்தகைய பணிக்கு விண்ணப்பிக்கும் முன் உங்கள் கடன் அறிக்கையை எடுத்து முழுவதும் படியுங்கள். நிலுவை இருந்தால் இன்றே கடன் கொடுத்தவரோடு பேசுங்கள். சிறு தவணையேனும் தொடங்குங்கள். குற்றச்சாட்டு வந்த பின் கட்டுவதைவிட அதற்கு முன் கட்டுவதற்கு எடை அதிகம். வருமான வரிக் கணக்கை ஒருபோதும் தாக்கல் செய்யாமல் விடாதீர்கள். உறவினரிடம் வாங்கும் கைமாற்றையும் எழுதி வையுங்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பது பற்றியதுதானே! ‘எல்லோரும் இப்படித்தான்’ என்பவரின் சொல் கேட்டுக் கையொப்பமிடாதீர்கள். அவர் உங்களோடு விசாரணைக்கு வரப்போவதில்லை. படிவத்தில் தவறு நேர்ந்துவிட்டால், கேட்கும்வரை காத்திராமல் உடனே சொல்லுங்கள். தமக்கே எதிராயினும் உண்மைக்குச் சாட்சி கூறுமாறு அல்லாஹ் (4:135) கட்டளையிடுகிறான். சிக்கல் பெரிதெனில் இத்துறை அறிந்த வழக்கறிஞரை நாடுங்கள்.

பெற்றோருக்கும் ஜமாஅத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டில் இருப்பவன் வளமாகத்தான் இருப்பான் என்று முடிவு செய்துவிடாதீர்கள், ஒருமுறை கேளுங்கள். கடனாளிகளையும் ஸகாத் பெறும் எட்டு வகையினருள் ஒருவராக அல்லாஹ் (9:60) வைத்திருக்கிறான். சிரமத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்கச் (2:280) சொல்கிறான். கடனைச் சொல்ல அஞ்சும் ஒருவர் நம் வரிசையிலேயே தொழுதுகொண்டிருக்கக்கூடும். அவர் அஞ்சாமல் சொல்லும்படி நாம் நடந்துகொண்டால், அவருக்குப் பொய்யின் தேவை குறையும்.

எங்கள் தவணைகளில் இன்னும் சில மாதங்கள் எஞ்சியுள்ளன. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில், சமையலறை மேசையில், பிள்ளைகளும் பார்க்கவே பணத்தைச் செலுத்துகிறோம். யா அல்லாஹ்! பாவத்திலிருந்தும் கடனிலிருந்தும் எங்களையும் இதைப் படிப்போரையும் காப்பாயாக! அமானிதத்தைப் பேணுவோராக எங்களை ஆக்குவாயாக! ஆமீன்.

உங்கள் துஆவில் எங்களையும் நினைவுகூருங்கள். வஸ்ஸலாம்.